அளவெடுத்துக் கட்டின கேபின்

கெங்கம்மாள்: எறங்குங்க செக்ரட்டரி... கூரை மேல ஏறி நின்னுதான் பாக்கணுமா? அது உங்க சங்கத்து மேடை இல்ல.

பாண்டுரங்கன்: இன்னாம்மா, வந்ததுலருந்து தொரத்திக்கினே இருக்கீங்க. பழைய வண்டிய ஆராயறதுன்னா மேலயும் பாக்கணும், கீழயும் பாக்கணும்.

கெங்கம்மாள்: கீழ நாய் படுத்துக்கினு இருக்குது. அதையும் ஆராய்ஞ்சிட்டு வாங்க.

அடைக்கலராஜ்: அண்ணே, எறங்குங்கண்ணே. கூரை மூலைய இங்கருந்தே காட்டறேன். இதோ... இந்த எடத்த தடவிப் பாருங்க.

பாண்டுரங்கன்: தடவினேன்.

அடைக்கலராஜ்: இன்னா தெரியுது?

பாண்டுரங்கன்: தூசி தெரியுது.

கெங்கம்மாள்: மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லு வாசல்ல நிக்கிற லாரியில தூசி இல்லாம சந்தனமா இருக்கும்?

அடைக்கலராஜ்: வெளாடாதீங்கண்ணே. மூலையில ஒட்டு இருக்குதா?

பாண்டுரங்கன்: ...இல்ல.

அடைக்கலராஜ்: மரத்த உள்ளாற வளைச்சி வச்சி, அதுமேல தகரத்த தட்டித் தட்டி இழுத்திருக்குது. வெட்டு இல்ல, மடிப்பு இல்ல. இது எங்கப்பா கை.

பாண்டுரங்கன்: எங்கப்பா பட்டறையிலயும் மூலைய அப்படித்தான் எழுப்புவாங்க தம்பி. உங்கப்பா எங்க கத்துக்கினாரு? எங்கப்பா விருத்தாசலத்துகிட்டதான? விழுப்புரத்துல யார வேணா கேளு. பெரியநாயகம்னா யாரு... விருத்தாசலம் பட்டறையில ரம்பம் இழுத்த ஆளு.

அடைக்கலராஜ்: ...

கெங்கம்மாள்: இன்னா தம்பி, அவரு பாட்டுக்கு சொல்றாரு, நீ கம்முனு இருக்க?

அடைக்கலராஜ்: காது பழகிடுச்சிம்மா. இன்னிக்கு என் பட்டறை வாசல்ல, வெறும் எஞ்சினும் சட்டமுமா நாலு சேசிஸ் வரிசையில நிக்குது. சேலத்துலருந்து வந்து பாடி கட்டிக்கினு போறாங்க. ஆனா டீக்கடையில போய் நின்னேன்னா நான் 'ரம்பக்காரர் மவன்'தான்.

பாண்டுரங்கன்: நான் தப்பா சொல்லல தம்பி. நடந்தத சொன்னேன்.

அடைக்கலராஜ்: நடந்தது பாதிதான்ணே உங்களுக்குத் தெரியும். அவரு உங்கப்பாகிட்டருந்து வெளிய வந்து, மாதா கோயில் பின்னாடி கொட்டாய் போட்டு, தனியாளா கட்டின முதல் வண்டி இது.

கெங்கம்மாள்: இருங்க இருங்க. காலையில வந்து கேட்டைத் தொறங்கன்னீங்க, தொறந்தேன். மோர் குடுத்தேன், குடிச்சீங்க. எதுக்கு வந்தீங்கன்னு இன்னும் ஒருத்தரும் ஒழுங்கா சொல்லல.

பாண்டுரங்கன்: நம்ம லாரி ஓனருங்க சங்கத்துக்கு வெள்ளி விழாம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை விழுப்புரத்துல ஊர்வலம். பழைய லாரியெல்லாம் முன்னாடி போவும், புதுசு பின்னாடி வரும். எல்லாத்துக்கும் முன்னாடி போற வண்டிக்கு மாலை போட்டு போர்டு கட்டறோம். 'தென்னாற்காடு ஜில்லாவில் பாடி கட்டப்பட்ட முதல் லாரி.' அதுக்குக் கீழ பெரிய எழுத்துல கட்டினவரு பேரு.

கெங்கம்மாள்: யாரு பேரு?

பாண்டுரங்கன்: எங்கப்பா பேருதான். அதுவரைக்கும் பஸ்ஸுக்கு பாடி கட்டினவரு, அம்பத்தி நாலுல கட்டின முதல் லாரி இன்னும் கல்லு மாதிரி நிக்குது.

அடைக்கலராஜ்: இது அம்பத்திரெண்டு.

பாண்டுரங்கன்: சேசிஸ் அம்பத்திரெண்டு. அத நான் இல்லன்னு சொல்லலியே. பார்கோ வண்டி, மெட்ராஸ்ல எறக்கினது, ஆர்.சி. புக்குல இருக்குது. பாடி எவன் கட்டினான்னு அதுல இருக்குதா? மெட்ராஸ்லயே எவனாவது கட்டி அனுப்பியிருந்தா?

அடைக்கலராஜ்: அதுக்குத்தான் உங்கள கூட்டியாந்தேன். கண்ணால பாத்துட்டு சொல்லுங்கன்னு.

கெங்கம்மாள்: அப்போ இது இன்னார் கட்டினதுன்னு ருசுவாச்சின்னா...

அடைக்கலராஜ்: போர்டுல எங்கப்பா பேரு வரும்மா. பெரியநாயகம் மேஸ்திரின்னு. அவரு சாவற வரைக்கும் ஒருத்தரும் அவர மேஸ்திரின்னு கூப்பிடல. ஒரு நாள், ஒரு ஞாயித்துக்கிழமை... ஊரே ரோட்ல நின்னு அந்தப் பேர படிக்கணும். அதான் எனக்கு வேணும்.

பாண்டுரங்கன்: ஏன் சுத்தி வளைக்கணும்? வண்டிக்காரம்மா இங்கயே இருக்காங்க. யம்மா, நீங்களே சொல்லுங்க. எங்க கட்டினது இது?

கெங்கம்மாள்: விழுப்புரத்துலதான். மாதா கோயில் பின்னாடி ஒரு கீத்துக் கொட்டாயில. பெரியநாயகம் மேஸ்திரிதான் கட்டினாரு.

அடைக்கலராஜ்: கேட்டீங்களாண்ணே!

பாண்டுரங்கன்: நீங்க பாத்தீங்களாம்மா?

கெங்கம்மாள்: பாக்காம எப்படி தெரியும்?

பாண்டுரங்கன்: போய் பாத்தீங்களா? அங்க இருந்தீங்களா?

கெங்கம்மாள்: நான்... நான் எதுக்கு பட்டறைக்கெல்லாம் போறேன்? எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு.

பாண்டுரங்கன்: அவரு சொன்னாரு, நீங்க கேட்டீங்க. அவரு இன்னிக்கு இல்ல. நாளைக்கு சங்கத்து கமிட்டியில எவனாவது எழுந்து 'யாரு பாத்தது'ன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? நான் செக்ரட்டரிம்மா. இதே என் வண்டின்னாலும் இதத்தான் கேப்பேன்.

கெங்கம்மாள்: உங்க வண்டின்னா கேக்கமாட்டீங்க.

பாண்டுரங்கன்: ...ரெண்டு கேள்வி கம்மியா கேப்பேன். அவ்ளோதான்.

அடைக்கலராஜ்: சரி, சாட்சி வேணாம். வேலைய பாருங்க. முன்னாடி கண்ணாடிக்கு மேல புருவம் மாதிரி ஒரு பலகை நீட்டிக்கினு இருக்குது பாருங்க. வெயில் கண்ணுல அடிக்காம இருக்க. அதோட ஓரத்த பாருங்க, எப்படி எழைச்சிருக்குன்னு.

பாண்டுரங்கன்: நல்லா எழைச்சிருக்குது. ஒத்துக்கறேன்.

அடைக்கலராஜ்: எங்கப்பா பாடி கட்டற வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி மாதா கோயில்ல மர வேலை செஞ்சவரு. சாமியாரு நின்னு பிரசங்கம் பண்ற மேடை ஓரமும் இதே எழைப்புதான். வாங்க, போய் ரெண்டையும் பாக்கலாம்.

பாண்டுரங்கன்: எழைப்புளி ஒருத்தருக்கு மட்டும் சொந்தமா தம்பி? மெட்ராஸ்ல கோயில் இல்லியா, தச்சனுங்க இல்லியா?

அடைக்கலராஜ்: மரம் வேங்கை. செஞ்சி பக்கத்து வேங்கை. மெட்ராஸ்காரன் தேக்குதான் போடுவான்.

பாண்டுரங்கன்: செஞ்சி வேங்கை மெட்ராசுக்குப் போவாதா? லாரியில ஏத்தினா எங்க வேணா போவும்.

கெங்கம்மாள்: நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் செக்ரட்டரி. வீணாப் போயிட்டீங்க.

பாண்டுரங்கன்: எங்கப்பாவும் அதான் சொல்லுவாரு. சரி, இந்த பேஜாரெல்லாம் எதுக்கு? நான் ஒன்னு கொண்டாந்திருக்கேன். அந்தப் பையில துணி சுத்தி வச்சிருக்கேன், எடு தம்பி.

அடைக்கலராஜ்: இன்னாண்ணே இது... கோலு?

பாண்டுரங்கன்: எங்கப்பாவோட அளவுகோலு. இந்த வெட்டு தரையிலருந்து சீட்டு. இது சீட்டுலருந்து கூரை. இது ஸ்டேரிங்குக்கும் சாயற பலகைக்கும் நடுவுல. எங்க பட்டறையில கட்டின கேபின் அத்தனையும் இந்தக் கோலுக்குள்ள அடங்கும். டிரைவர் குட்டையா இருந்தா மெத்தை போட்டுக்குவான், நெட்டையா இருந்தா குனிஞ்சிக்குவான். அளவு மாறாது.

அடைக்கலராஜ்: கோலு எதுக்குண்ணே... கூரையே போதுமே. கூரைய இன்னொரு தரம் பாருங்க.

பாண்டுரங்கன்: ஏன் பதறற? உனக்கு நல்லதுதான. கோலு பொருந்தலன்னா எங்கப்பா வண்டி இல்லன்னு நானே சொல்லிடப் போறேன். புடி அந்தப் பக்கம்.

அடைக்கலராஜ்: ...சரி.

பாண்டுரங்கன்: தரையிலருந்து சீட்டு... அட, ஒசரமா இருக்குது. ஸ்டேரிங்குக்கும் பலகைக்கும்... இன்னாது, கோலு உள்ளயே போவல! யாருய்யா இப்படி நெருக்கி வச்சான்?

அடைக்கலராஜ்: பொருந்தலல்ல? அப்போ உங்க பட்டறை இல்ல. விட்டுடுங்க.

பாண்டுரங்கன்: எங்க பட்டறை இல்ல, நிச்சயமா இல்ல. ஆனா உங்கப்பாவுதும் இல்ல.

அடைக்கலராஜ்: அதெப்படி?

பாண்டுரங்கன்: ஊரெல்லாம் நீதான தம்பி சொல்லிக்கினு திரியற? 'எங்கப்பா டைலர் மாதிரி. வண்டிய ஓட்டப் போற டிரைவர பலகையில உக்கார வச்சி, காலு கையெல்லாம் அளந்துதான் கேபின் கட்டுவாரு, வேற எவனும் அப்படி கட்டமாட்டான்'னு. சொன்னியா இல்லியா?

அடைக்கலராஜ்: சொன்னேன். இன்னிக்கும் என் பட்டறையில அப்படித்தான்.

பாண்டுரங்கன்: இந்த வண்டிய ஓட்டினது யாரு?

அடைக்கலராஜ்: ...பூமாலைண்ணன்.

பாண்டுரங்கன்: இந்தம்மாவோட வீட்டுக்காரரு. எங்க சங்கத்து ஆபீசுல போட்டோ மாட்டி வச்சிருக்கோம். டிண்டிவனத்துலருந்து விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை ஏத்திக்கினு அத்தினி வருஷம் போனாரு, வண்டியில ஒரு கீறல் கெடயாது. ஒரு தடவ விக்கிரவாண்டிகிட்ட எங்கப்பா புது வண்டிய சோதனை பாத்துக்கினு வந்தாரு. பூமாலைண்ணன் பின்னாடியே வந்து, ஒரு மாட்டு வண்டிக்கும் எங்க வண்டிக்கும் நடுவுல ஊசி நூல் கோக்கற மாதிரி பூந்து போனாராம். எங்கப்பா வீட்டுக்கு வந்து சொன்னாரு, 'அவந்தாண்டா டிரைவரு'ன்னு. எங்கப்பா வாயால ஒருத்தர புகழ்ந்து நான் கேட்டது அது ஒன்னுதான்.

கெங்கம்மாள்: அப்படியா சொன்னாரு?

பாண்டுரங்கன்: அப்படியேதான் சொன்னாரு.

கெங்கம்மாள்: ...எனக்கு இது தெரியாதே.

பாண்டுரங்கன்: சரி, இப்ப சொல்லுங்கம்மா. பூமாலைண்ணன் எவ்ளோ ஒசரம்?

கெங்கம்மாள்: ஒசரந்தான். எங்க வீட்டு நெலவாசல்ல தலைய இடிச்சிக்காம உள்ள வரமாட்டாரு.

பாண்டுரங்கன்: ஆறடி ஆளு. நீயும் நெட்டைதான்... ஏறு தம்பி. ஏறி சீட்ல உக்காரு.

அடைக்கலராஜ்: எதுக்குண்ணே?

பாண்டுரங்கன்: ஏறுன்றேன்... ஆங். முட்டி எங்க இருக்குது?

அடைக்கலராஜ்: ஸ்டேரிங்க இடிக்குது.

பாண்டுரங்கன்: தலை?

அடைக்கலராஜ்: கூரைய தட்டுது.

பாண்டுரங்கன்: நான் சின்ன வயசுல பாத்திருக்கேன், பூமாலைண்ணன் டிண்டிவனம் பஜாருக்குள்ள இந்த வண்டிய ஓட்டிக்கினு வருவாரு. முட்டி ரெண்டையும் விரிச்சி வச்சிக்கினு, கழுத்த சாச்சிக்கினு... சர்க்கஸ்ல கரடி சைக்கிள் ஓட்டுமே, அது மாதிரி. நாங்க சிரிப்போம். இன்னிக்குத்தான் காரணம் புரியுது. கேபினே கோணல்.

கெங்கம்மாள்: கோணலா?

பாண்டுரங்கன்: பின்ன? ஆறடி மனுஷனுக்கு அஞ்சடிக்கும் கம்மியா ஒரு கேபின்! அளவெடுக்கத் தெரியாத கத்துக்குட்டி எவனோ கட்டினது.

கெங்கம்மாள்: வார்த்தைய பாத்து பேசுங்க. அந்த கேபின ஒரு கொறை சொல்லக் கூடாது.

பாண்டுரங்கன்: கொறைய கொறைன்னுதான சொல்லணும்? உங்க வீட்டுக்காரரு முட்டி வலியிலயே அத்தினி வருஷம் ஓட்டியிருக்காரு, பாவம்.

கெங்கம்மாள்: அவருக்கு முட்டி வலியெல்லாம் இல்ல.

பாண்டுரங்கன்: அப்போ வேற யாராவது ஓட்டினாங்களா? கிளீனரு?

கெங்கம்மாள்: சின்னக்கண்ணுன்னு ஒருத்தன் இருந்தான்.

பாண்டுரங்கன்: அவன் குட்டையா?

கெங்கம்மாள்: குட்டைதான்... ஆனா அவனுக்கு ஓட்டத் தெரியாது. ஆரன்தான் அடிப்பான்.

பாண்டுரங்கன்: பாத்தியா தம்பி? இவங்களே பொய் சொல்லல. நீ சொல்லு. உங்கப்பா கட்டினாருன்னா, ஏன் இது பூமாலைக்குப் பொருந்தல?

அடைக்கலராஜ்: அளவு தப்பில்லண்ணே.

பாண்டுரங்கன்: தப்பில்லன்னா யாருக்கு எடுத்த அளவு?

அடைக்கலராஜ்: அத விடுங்கண்ணே.

பாண்டுரங்கன்: இத ஒன்ன சொல்லிடு, நான் போர்ட மாத்தி எழுதச் சொல்றேன். பெயிண்டரு கையில பிரஷ்ஷோட ஒக்காந்துக்கினு இருக்கான். யாருக்கு எடுத்த அளவு?

அடைக்கலராஜ்: சொல்றதுக்கு ஒன்னும் இல்லண்ணே.

பாண்டுரங்கன்: அவ்ளோதான். ரெண்டுல ஒன்னு. உங்கப்பா கட்டினதுன்னா அவருக்கு அளவெடுக்கவே தெரியலன்னு அர்த்தம். இல்ல, எவனோ மெட்ராஸ் ஆளு கட்டினதுன்னா, எங்கப்பா வண்டிதான் ஜில்லாவுக்கு முதல் வண்டி. எதுன்னு நீயே சொல்லிடு. நான் அதையே கமிட்டியில சொல்றேன்.

அடைக்கலராஜ்: ...மெட்ராஸ்னே இருக்கட்டும்.

கெங்கம்மாள்: தம்பி!

அடைக்கலராஜ்: மெட்ராஸ்காரன் கட்டினதாவே இருக்கட்டும்ணே. உங்கப்பா வண்டியே முன்னாடி போவட்டும். என் வண்டிங்கள நான் பின்னாடி வரிசையில கொண்டாறேன்.

பாண்டுரங்கன்: மனசுல ஒன்னும் வச்சிக்காத தம்பி. நான் நியாயமாத்தான...

அடைக்கலராஜ்: நியாயமாத்தான் கேட்டீங்க. வாங்க, விழுப்புரம் பஸ் வந்துடும். ஜல்தியா போனா எடம் கெடைக்கும்.

கெங்கம்மாள்: இன்னா தம்பி இது? ஊரே நின்னு படிக்கணும்னு இப்பத்தான சொன்ன? உங்கப்பா பேரு...

அடைக்கலராஜ்: அவரு கட்டினாருன்னு எனக்குத் தெரியும்மா. உங்களுக்கும் தெரியும். போதும். வண்டிய ஒடைச்சி இரும்புக்குப் போடாம வச்சிருக்கீங்களே, அதுக்கே நான் கும்பிடணும். வர்றோம்மா.

கெங்கம்மாள்: நில்லு.

பாண்டுரங்கன்: இன்னொரு நாள் வர்றோம்மா, மோர் நல்லா இருந்துச்சி...

கெங்கம்மாள்: ரெண்டு பேரும் நில்லுங்கன்றேன்! தம்பி, அந்தக் கதவ தொற. நீ தள்ளி நில்லு.

பாண்டுரங்கன்: யம்மா, நீங்க எதுக்கு இந்த வயசுல புடவைய கட்டிக்கினு லாரியில ஏறிக்கினு... பாத்து, பாத்து!

கெங்கம்மாள்: உஸ்... இதோ உக்காந்துட்டேன். இப்ப உங்க கண்ணாடிய தொடச்சிக்கினு பாருங்க செக்ரட்டரி. முட்டி எங்க இருக்குது? இடிக்குதா?

பாண்டுரங்கன்: இல்ல.

கெங்கம்மாள்: காலு கிளச்ச தொடுதா? முழுசா மிதிக்கறேன், பாருங்க. முழங்கை ஜன்னல் கட்டையில உக்காருதா? பானட்டு தாண்டி ரோடு தெரியற மாதிரி கண்ணு இருக்குதா? முதுகு பலகையில சாயுதா?

பாண்டுரங்கன்: ...சாயுது.

கெங்கம்மாள்: எங்க கோணல்? காட்டுங்க. எங்கய்யா கோணல்? எனக்கு டைலர் தச்ச ரவிக்கை கூட இப்படி பொருந்தினது இல்ல!

பாண்டுரங்கன்: யம்மா... நீங்க இன்னா சொல்றீங்க? நீங்களா... பூமாலைண்ணன்...?

கெங்கம்மாள்: அவரு பஜாருக்குள்ள ஓட்டுவாரு. ஊரு தாண்டி டிரங்க் ரோடு ஏறினா நாங்க எடம் மாறிக்குவோம். அவரு சட்டைய மேல மாட்டிக்குவேன், தலையில துண்டு கட்டிக்குவேன். விழுப்புரம் வர்றதுக்கு முன்னாடி மறுபடியும் அவரு. வழியில பாக்கறவனுக்கெல்லாம் பூமாலை வண்டி, பூமாலை ஓட்டறான். அவ்ளோதான்.

பாண்டுரங்கன்: ஏம்மா? அவரு பெரிய டிரைவராச்சே...

கெங்கம்மாள்: பெரிய டிரைவருதான். கல்யாணத்துக்கு முன்னாடி. நெல்லூர் பக்கம் வேற ஒருத்தர் வண்டிய ஓட்டும்போது கவுந்து, கிளீனர் பையன் போயிட்டான். இவரு மேல தப்பு இல்ல. ஆனா அதுலருந்து எதிர்ல ஒரு வண்டி வேகமா வந்தா போதும், கை ரெண்டும் கல்லாயிடும். வேர்த்துக் கொட்டும். ஊருக்குள்ள மாட்டு வண்டி வேகத்துல ஓட்டுவாரு, அதுக்கு மேல முடியாது. அவருக்கு வேற தொழிலும் தெரியாது.

பாண்டுரங்கன்: வேற டிரைவர வச்சிக்கலாமே?

கெங்கம்மாள்: வச்சா ஊருக்குத் தெரிஞ்சிடும். 'பூமாலை பயந்துட்டான்'னு சொல்லுவாங்க. அவரு ஒரு நாள் அழுதுக்கினே சேசிஸ் வாங்கணும்னு சொன்னாரு. நான் சொன்னேன், 'வாங்கு. எனக்கு ஓட்டக் கத்துக் குடு'ன்னு. மல்லாட்டை புடுங்கின கொல்லையில, வாடகைக்கு ஒரு வண்டி கொண்டாந்து, கத்துக் குடுத்தாரு. நான் திரும்பின எடத்துல வரப்பே இல்லாம போயிடுச்சி. பக்கத்து கொல்லைக்காரன் இன்னிக்கு வரைக்கும் அது மழையில கரைஞ்சிதுன்னு நெனச்சிக்கினு இருக்கான்.

பாண்டுரங்கன்: லைசென்சு...?

கெங்கம்மாள்: அத நீங்க கேக்கல, நான் சொல்லல.

பாண்டுரங்கன்: அப்போ... விக்கிரவாண்டிகிட்ட... எங்கப்பா பாத்தது...

கெங்கம்மாள்: அது நாந்தான்.

பாண்டுரங்கன்: ஐயோ...

கெங்கம்மாள்: மாட்டு வண்டிக்கும் உங்க வண்டிக்கும் நடுவுல பூந்தது நாந்தான். பக்கத்துல உக்காந்துக்கினு அவரு கண்ண மூடிக்கினாரு. வெளிய வந்ததும் நான் சிரிச்சேன். உங்கப்பா என்னைத்தான் சொல்லியிருக்காரு, 'அவந்தாண்டா டிரைவரு'ன்னு. இத்தினி வருஷம் கழிச்சி கேக்கறேன். எனக்கு எப்படி இருக்குது தெரியுமா செக்ரட்டரி? கழுத்துல சங்கிலி போட்ட மாதிரி இருக்குது.

பாண்டுரங்கன்: எனக்கு ஒக்காரணும் போல இருக்குதும்மா.

கெங்கம்மாள்: அந்த மூட்டை மேல ஒக்காருங்க. மல்லாட்டைதான், நசுங்காது.

பாண்டுரங்கன்: ஒன்னு மட்டும் எனக்குப் புரியல. பெரியநாயகம் மேஸ்திரி...

அடைக்கலராஜ்: மேஸ்திரியா?

பாண்டுரங்கன்: ஆமா தம்பி, மேஸ்திரின்னுதான் சொன்னேன். அம்பத்திரெண்டுல ஒரு வயசுப் பொண்ண, வேத்து மனுஷரு அவரு எப்படி அளவெடுத்தாரு?

கெங்கம்மாள்: அவரு எங்க எடுத்தாரு? விஷயத்த கேட்டதும் சேசிஸ்க்கு அந்தப் பக்கம் போய் திரும்பி நின்னுக்கினாரு. அவரு சம்சாரம் இருதயசெல்வி வந்துச்சி. கொட்டாய்க்கு சாக்கு படுதா கட்டிட்டு, என்ன பலகை மேல உக்கார வச்சி, கைய விரிச்சி சாண் சாணா அளந்துச்சி. அதுக்கு டேப்பு புடிக்கத் தெரியாது. 'முட்டியிலருந்து குதிகாலு, ரெண்டு சாணு நாலு வெரக்கடை'ன்னு இங்கருந்து கத்தும். அவரு அந்தப் பக்கம் இருந்துக்கினு, 'யாரு சாணு, உன் சாணா என் சாணா'ன்னு கத்துவாரு. 'என் சாணுதான், நீதான் மூஞ்ச திருப்பிக்கினியே'ன்னு இது கத்தும். எனக்கு சிரிப்பு தாங்கல. அப்புறம் அந்தம்மா கைய ஒரு பலகையில வச்சி கோடு கிழிச்சிக்கினு, அந்த சாணுலயேதான் மேஸ்திரி இந்த கேபின் மொத்தத்தையும் கட்டினாரு. உங்க கோலு எப்படி பொருந்தும்?

பாண்டுரங்கன்: எந்தக் கோலும் பொருந்தாது.

கெங்கம்மாள்: இத நான் யாருகிட்டயும் சொல்லல. அவரு போட்டோவ உங்க சங்கத்துல மாட்டினப்போ என்னையும் கூப்பிட்டு மாலை போடச் சொன்னீங்க. எல்லாரும் அவர் கைய புகழ்ந்து பேசினீங்க. நான் புடவ தலப்புல கைய சுத்தி மறைச்சிக்கினு நின்னேன். அவருக்கு ஒரு கொறை வரக் கூடாதுன்னுதான். ஆனா இன்னிக்கு ஒரு மனுஷன் மனசு வச்சி கட்டினத கோணல்னு சொல்றீங்க, அவரு புள்ள தலைய குனிஞ்சிக்கினு பஸ் ஏறப் போவுது. நான் சும்மா நிக்கறதா? எங்க வீட்டுக்காரரு இங்க இருந்திருந்தா எனக்கு முன்னாடி அவரே சொல்லியிருப்பாரு.

பாண்டுரங்கன்: பூமாலைண்ணன் போட்டோ...

கெங்கம்மாள்: அது அங்கயே இருக்கணும். பொண்டாட்டி கையில ஸ்டேரிங்க குடுத்துட்டு பக்கத்துல தைரியமா உக்காந்தவரு. அத எத்தினி பேரு செய்வாங்க? எடுத்தீங்கன்னா நான் ஊர்வலத்துக்கு வரமாட்டேன்.

பாண்டுரங்கன்: இல்லம்மா, எடுக்கல. எடுக்கவே மாட்டோம். போர்டுல இன்னா எழுதறதுன்னு சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க.

கெங்கம்மாள்: கட்டினது பெரியநாயகம் மேஸ்திரின்னு எழுதுங்க. அளவெடுத்தது இருதயசெல்வி அம்மாள். அதையும் அதே எழுத்துல எழுதுங்க, சின்னதா எழுதாதீங்க.

பாண்டுரங்கன்: ஓட்டினது?

கெங்கம்மாள்: அத எழுத வேணாம். தம்பி ஒரு பேட்டரி போட்டுக் குடுக்கட்டும், போன போகம் வரைக்கும் மில்லுக்குள்ள ஓடின வண்டிதான். ஞாயித்துக்கிழமை நானே ஓட்டிக்கினு வர்றேன். பஜாருக்குள்ளயும் நான்தான். துண்டு இல்லாம, சட்டை இல்லாம, இதே புடவையில. கண்ணு இருக்கறவங்க பாத்துக்கட்டும்.

பாண்டுரங்கன்: எங்க வண்டி உங்களுக்குப் பின்னாடி வரும்மா. நானே ஓட்டறேன். எங்கப்பா இருந்தா அவருதான் ஓட்டியிருப்பாரு... தம்பி, கைய குடு. ரம்பக்காரர் மவன்னு இனிமே எவனாவது சொன்னா என்கிட்ட வந்து சொல்லு.

அடைக்கலராஜ்: சரிண்ணே...

கெங்கம்மாள்: ஏன் தம்பி, நானும் பாத்துக்கினே இருக்கேன். செக்ரட்டரிக்கு மூச்சே நின்னு போச்சி, அது நியாயம். நீ இன்னா, கண்ணு மட்டும் கலங்கிக்கினு நிக்கிற? நான் லாரி ஓட்டினேன்றேன், உன் மூஞ்சில ஆச்சரியமே காணமே? உனக்குத் தெரியுமா?

அடைக்கலராஜ்: வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து தெரியும்மா. எங்கம்மா இன்னும் நல்லாத்தான் இருக்காங்க. கோயிலுக்குப் போனா உங்களுக்கும் சேத்து ஒரு மெழுகுத்திரி கொளுத்துவாங்க, 'அந்தப் பொண்ணு ரோட்ல லாரி ஓட்டுது'ன்னு. கூரையையும் எழைப்பையும் பாத்தே இவரு ஒத்துக்குவாரு, அளவு பேச்சே வராதுன்னு நெனச்சித்தான் கூட்டியாந்தேன். காலையில கெளம்பும்போது எங்கம்மா என் கைய புடிச்சிக்கினு சொன்னாங்க, 'உங்கப்பா பேரு வரலன்னா வராம போவட்டும்டா. அந்தப் பொண்ணு இத்தினி வருஷம் மறைச்சி வச்சத நீ வாய் தவறிக்கூட சொல்லிட்டு வராத. அளவெடுத்தவ நான் கேக்கறேன்'னு.